நஞ்சு ஒட்டிப்போன சிசேரியன்: ஸ்கேன்லருந்து ஐ.சி.யூ. வரைக்கும் எத முதல்ல செய்யணும், எத செய்யவே கூடாது

இத ஓஜி (பிரசவம், பெண்கள் நலம்) படிக்கற பிஜிங்களுக்கும், மாவட்ட ஆஸ்பத்திரில நைட் டியூட்டில தனியா நிக்கற டாக்டருங்களுக்கும், தியேட்டர் சிஸ்டர்களுக்கும் எழுதறேன். நஞ்சு (பிளசென்டா) கர்ப்பப்பை சுவத்துல வழக்கமா ஒட்டற அளவத் தாண்டி நேரா தசையிலயே ஒட்டிக்கிச்சுன்னா அக்ரீட்டா, தசைக்குள்ள இறங்கிருச்சுன்னா இன்க்ரீட்டா, தசையையும் தாண்டி கர்ப்பப்பையோட வெளிச்சுவரு வரைக்கும், சில நேரம் மூத்திரப்பை வரைக்கும் போயிருச்சுன்னா பெர்க்ரீட்டா. இதெல்லாம் புக்ல பாக்கற கேஸ்னு நினைச்சிட்டு இருக்காதீங்க, 2019-21 தேசிய குடும்பநல சர்வேல தமிழ்நாட்டுல 44.9 சதவீதம் பிரசவம் சிசேரியன், அவங்க எல்லாம் அடுத்த குழந்தைக்கு நம்மகிட்ட தான் வரப்போறாங்க.

ஒண்ண மட்டும் முதல்லயே மனசுல போட்டுக்குங்க. நிறைமாசத்துல கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு 500லருந்து 700 மி.லி. ரத்தம் ஓடுது. ஒட்டுன நஞ்ச பாதி பிச்சீங்கன்னா அந்த ரத்தக்குழாய் எல்லாம் வாயத் தொறந்துக்கும், சாதாரணமா தசை சுருங்கி அத மூடும், ஆனா இங்க சுருங்கறதுக்கு அந்த இடத்துல தசையே இருக்காது. அதனால குழந்தை வெளிய வந்த அடுத்த ஒரு நிமிஷம் நம்ம கை என்ன பண்ணுதுங்கறது தான் எல்லாம். கீழ எழுதியிருக்கறது பெரும்பாலும் அந்த ஒரு நிமிஷத்துக்கு ரெடியாகறது பத்தி தான்.

1. சந்தேகப்படறது: ஹிஸ்டரி முதல்ல, ஸ்கேன் அப்புறம்

முன்னாடி சிசேரியன் ஆயிருக்கு, இப்ப நஞ்சு கீழ இருக்கு. இந்த ரெண்டும் ஒண்ணா இருந்தா, ஸ்கேன் ரிப்போர்ட்ல ஒண்ணுமே எழுதலன்னாலும் அக்ரீட்டான்னு நினைச்சு தான் வேலைய ஆரம்பிக்கணும். நஞ்சு கீழ இருக்கறவங்கள்ல ஒரு சிசேரியன் ஏற்கனவே ஆனவங்களுக்கு கிட்டத்தட்ட 11 சதவீதம், ரெண்டு ஆனவங்களுக்கு 40, மூணு ஆனவங்களுக்கு 61. டி அண்ட் சி, ஃபைப்ராய்டு ஆபரேஷன், போன தடவ நஞ்ச கைய விட்டு எடுத்ததுன்னு இருந்தா அதையும் கேட்டு எழுதுங்க.

ஸ்கேன் பண்றவங்ககிட்ட வெறும் "நஞ்சு எங்க இருக்கு"ன்னு கேட்டா "கீழ இருக்கு"ன்னு மட்டும் தான் பதில் வரும். பழைய தையல் இருக்கறத ரிக்வஸ்ட்லயே எழுதி, நஞ்சுக்குள்ள ஒழுங்கில்லாத ஓட்டை ஓட்டையா ரத்தக்குட்டை இருக்கா, நஞ்சுக்கும் தசைக்கும் நடுவுல வர்ற கறுப்பு கோடு காணாமப் போயிருக்கா, தசை 1 மி.மீ.க்கும் கம்மியா மெலிஞ்சிருக்கா, மூத்திரப்பை சுவத்து கோடு அறுந்து தெரியுதா, டாப்ளர்ல ரத்தக்குழாய் குறுக்க ஓடுதான்னு குறிப்பா கேளுங்க. நஞ்சு பின்பக்கம் இருந்தாலோ, பெர்க்ரீட்டாவான்னு சந்தேகம் வந்தாலோ எம்.ஆர்.ஐ. உதவும். மத்தபடி நல்ல கைல அல்ட்ராசவுண்டே போதும்.

இன்னொண்ணு, முன்னாடி சிசேரியன் ஆனவங்க மாசமானா 6லருந்து 8 வாரத்துக்குள்ளயே ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க. கரு பழைய தழும்புல உக்காந்திருந்தா அப்பவே தெரிஞ்சிரும், நாம பின்னாடி சந்திக்கற அக்ரீட்டால நிறைய அங்கருந்து தான் ஆரம்பிக்குது.

2. எங்க, எப்ப

பிளட் பேங்க், ஐ.சி.யூ., சின்னக்குழந்தை ஐ.சி.யூ., யூராலஜிஸ்ட், ராத்திரி கூப்பிட்டா வர்ற சீனியர் அனஸ்தீசியா டாக்டர், இதெல்லாம் ஒரே கூரைக்குள்ள இருக்கற இடத்துல தான் இந்த ஆபரேஷன் நடக்கணும். நம்ம ஊர்ல அது பெரும்பாலும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி தான். சந்தேகம் வந்த அன்னிக்கே அனுப்பிருங்க. 34 வாரத்துல ரத்தப்போக்கோட 108ல ஏத்தி விடறது ரெஃபரல் இல்ல.

தேதி: ரத்தப்போக்கு இல்லாம நல்லா இருந்தா 34 வாரத்துலருந்து 36 வாரத்துக்குள்ள பிளான் பண்ணுங்க. 38 வரைக்கும் இழுத்தா குழந்தைக்கு கொஞ்சம் லாபம் தான், ஆனா அதுக்குள்ள வலி வந்தோ ரத்தம் போயோ ராத்திரி 2 மணிக்கு எமர்ஜென்சியா வெட்ட வேண்டி வந்தா அம்மாவ இழக்கற அபாயம் ரொம்ப ஏறிரும். குழந்தையோட நுரையீரலுக்கு ஸ்டீராய்டு, பீட்டாமெத்தசோன் 12 மி.கி. 24 மணி நேரம் விட்டு ரெண்டு தடவ, இல்லன்னா டெக்சாமெத்தசோன் 6 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒருதடவன்னு நாலு டோஸ்.

ஹீமோகுளோபின் தான் எல்லாரும் கோட்டை விடற இடம். 8 கிராமோட தியேட்டருக்கு வர்ற அம்மாவுக்கும் 11.5 கிராமோட வர்ற அம்மாவுக்கும் அதே ரெண்டு லிட்டர் ரத்தப்போக்கு ஒண்ணு கிடையாது. 28 வாரத்துலயே பாத்து, மாத்திரைல ஏறலன்னா ஊசில அயர்ன் போடுங்க, நேரம் இருக்கும்போதே.

3. அந்த அம்மாகிட்ட பேசறது

நாம என்ன பண்றோம்னா, வீட்டுக்காரரையும் மாமியாரையும் கூப்பிட்டு ஓரமா நிக்க வெச்சு "சீரியஸ், கர்ப்பப்பைய எடுக்க வேண்டி வரும், கையெழுத்து போடுங்க"ன்னு சொல்லிட்டு போயிடறோம். வயிறு யாரோடதோ அவங்கள உக்கார வெச்சு பேசுங்க. கர்ப்பப்பைய எடுக்கணும், மறுபடி குழந்தை பெத்துக்க முடியாது, மாதவிலக்கு நின்னுரும், ஆனா சினைப்பைய விட்டுருவோம் அதனால ஹார்மோன் நிக்காது, ரத்தம் நிறைய ஏத்த வேண்டி வரும், மூத்திரப்பைல அடிபடலாம், குழந்தை கொஞ்ச நாள் தனியா ஐ.சி.யூ.ல இருக்கும். இத்தனையும் அவங்களுக்குப் புரியற பேச்சுல, ரெண்டு தடவ, ரெண்டு வேற வேற நாள்ல. முதல் நாள் "கர்ப்பப்பை"ங்கற வார்த்தைக்கு மேல அவங்க காதுல எதுவும் ஏறாது.

கையெழுத்து அவங்களோடது தான் முக்கியம். ஒரு ஆபரேஷனுக்கு வாங்குன சம்மதம் கர்ப்பப்பை எடுக்கறதுக்கான சம்மதம் ஆகாதுன்னு 2008ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு, உயிர காப்பாத்த உடனே செஞ்சே ஆகணுங்கற நிலைமை மட்டும் தான் விதிவிலக்கு. அதனால சிசேரியன் கன்சென்ட்ல ஓரத்துல ஒரு வரி சேக்காம தனியா எழுதி வாங்குங்க.

4. ரத்தம்

ஆபரேஷனுக்கு ரெண்டு நாள் முன்னாடி பிளட் பேங்க் டாக்டர நேர்ல போய் பாருங்க, ஃபோன் போதாது. நான் வழக்கமா கேக்கறது 6 பேக்டு செல் (சிவப்பணு), 6 எஃப்.எஃப்.பி. (உறைய வெச்ச பிளாஸ்மா), 6 பிளேட்லெட், 10 கிரையோ (ரத்தம் உறையற சத்து செறிஞ்சது). இது ஆரம்பம் தான், அதுக்கு மேல எவ்ளோ வேகமா வரும்னு கேட்டு வெச்சுக்கணும். நெகட்டிவ் குரூப்பா இருந்தா ஒரு வாரம் முன்னாடியே தேட ஆரம்பிக்கணும், சொந்தக்காரங்கள டொனேட் பண்ணச் சொல்லணும்.

"ரத்தம் ரெடி"ன்னு யாராவது சொன்னா எங்க இருக்குன்னு கேளுங்க. ரெண்டு பிளாக் தள்ளி பிளட் பேங்க் ஃபிரிட்ஜ்ல இருக்கறது ரெடி கிடையாது, குறைஞ்சது 4 பை தியேட்டர்லயே பெட்டில இருக்கணும். எஃப்.எஃப்.பி. உருக அரை மணி நேரம் ஆகும், அதனால "இப்ப உருக்குங்க"ன்னு எந்தக் கட்டத்துல சொல்லணும்னு முன்னாடியே பேசி வைங்க. ஓடிப்போய் எடுத்துட்டு வர ஒரு அட்டெண்டர், அவருக்கு அன்னிக்கு வேற எந்த வேலையும் கிடையாது.

5. கத்திய எடுக்கறதுக்கு முன்னாடி தியேட்டர்ல

எல்லாரையும் நிக்க வெச்சு அஞ்சு நிமிஷம் பேசுங்க. நஞ்சு எங்க இருக்கு, எங்க வெட்டப்போறோம், நஞ்ச எடுக்கப்போறதில்ல, ரத்தப்போக்க யாரு கணக்கு எழுதுவாங்க, அயோர்ட்டாவ (முதுகெலும்ப ஒட்டி ஓடற பெரிய ரத்தக்குழாய்) யாரு அமுக்குவாங்க, யூராலஜிஸ்ட் எங்க இருக்கார். சின்ன சிஸ்டர் முன்னாடி இத சத்தமா சொல்லும்போது தான் "சார் பெரிய ரிட்ராக்டர் ஸ்டெரிலைசேஷனுக்கு போயிருக்கு"ன்னு ஒரு குரல் வரும். வரட்டும், இப்ப வந்தா தேவல.

16 கேஜ் அல்லது அதவிட பெரிய வென்ஃப்ளான் ரெண்டு, ஆர்ட்டீரியல் லைன், வேணும்னா சென்ட்ரல் லைன். இதெல்லாம் ரத்தம் போறதுக்கு முன்னாடி, நரம்பு நல்லா தெரியும்போதே போடணும், பிரஷர் 60க்கு இறங்கினப்புறம் நரம்பு கிடைக்காது. காலு ரெண்டையும் கொஞ்சம் விரிச்சு வெக்கற பொசிஷன் குடுங்க, கீழ வழியா எவ்ளோ ரத்தம் போகுதுன்னு தெரியும், மூத்திரப்பைக்குள்ள பாக்க சிஸ்டோஸ்கோப்பும் போட முடியும். நேரா படுக்க வெச்சா டிரேப்புக்கு அடியில ஒரு லிட்டர் போய் ஷீட்ல ஊறினாலும் நமக்குத் தெரியாது. ஃப்ளூயிட் வார்மர், வார்மிங் பிளாங்கெட் ஆரம்பத்துலருந்தே ஓடணும், உடம்பு சூடு 36 டிகிரிக்கு கீழ போனா ரத்தம் உறையறது கெட ஆரம்பிக்கும்.

கிருமி வராம இருக்க செஃபசோலின் 2 கிராம் வெட்டறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரத்துக்குள்ள, ரத்தப்போக்கு 1500 மி.லி. தாண்டினா மறுபடி ஒரு டோஸ்.

ரத்தப்போக்க குறைக்கற டிரனெக்சாமிக் ஆசிட் ஆம்பியூல ஸ்பைனல் டிரேக்கு பக்கத்துல வைக்கவே கூடாது. இதுவும் முதுகுல போடற மயக்க மருந்து ஆம்பியூலும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், மாத்தி முதுகுல போட்டு உயிர் போன சம்பவங்கள் உலகம் பூரா நடந்திருக்கு. வேற ரூம்ல, வேற அலமாரில வைங்க.

6. வயித்தத் தொறந்ததும்: வெட்டாதீங்க, பாருங்க

நடுக்கோட்டுல நேரா வெட்டுங்க. கீழ குறுக்கால போடற வழக்கமான வெட்டுல மேல்பக்கம் கர்ப்பப்பை எட்டாது, பக்கவாட்டுல கை போகாது.

தொறந்ததும் ரெண்டு நிமிஷம் சும்மா பாருங்க. கீழ்ப்பகுதி பீப்பாய் மாதிரி உப்பி, நீலமா ஊதாவா, தடி தடியா ரத்தக்குழாய் மேல ஓடி, மூத்திரப்பை அதுமேல ஒட்டியிருந்தா ஸ்கேன் சொன்னது சரி. தொட்டுப் பாக்கறேன்னு அந்த இடத்துல விரல வெச்சு பிரிக்காதீங்க, பேப்பர் மாதிரி இருக்கற சுவரு, விரல் பட்டாலே கிழியும். ஸ்டெரைல் கவர் போட்ட ஸ்கேன் புரோப் இருந்தா கர்ப்பப்பை மேலயே வெச்சு நஞ்சு எங்க முடியுதுன்னு பாத்து குறிச்சுக்குங்க.

7. குழந்தைய எடுக்கறதும், அந்த ஒரு நிமிஷமும்

வெட்டு நஞ்சுக்கு மேல, தூரமா. பெரும்பாலும் கர்ப்பப்பையோட மேல் உச்சில நேராவோ குறுக்காவோ. நஞ்ச குறுக்க அறுத்துக்கிட்டு குழந்தைக்கு போறது தான் புதுசா வர்றவங்க முதல்ல பண்ற தப்பு, கை பழகின இடம் கீழ்ப்பகுதிங்கறதால கை தானா அங்க போகும்.

குழந்தைய எடுத்தாச்சு. கொடிய கட்டி, நஞ்சுக்கிட்ட குட்டையா வெட்டி உள்ள விடுங்க. அவ்ளோ தான். கொடிய இழுக்காதீங்க, கைய உள்ள விட்டு "ஒருவேள வந்துருமோ"ன்னு பாக்காதீங்க. கர்ப்பப்பைய சுருக்கற ஆக்சிடோசினும் இப்ப வேணாம். அனஸ்தீசியாகாரங்க பழக்கத்துல குழந்தை அழுதவுடனே போட்டுருவாங்க, அதனால ப்ரீஃபிங்லயே சொல்லி வைங்க. கர்ப்பப்பை சுருங்கினா ஒட்டாத பாதி பிரிஞ்சு ஒட்டின பாதி நிக்கும், அந்த எல்லைலருந்து தான் கொட்ட ஆரம்பிக்கும். வெட்டுன வாய வேகமா ஒரு தொடர் தையல் போட்டு மூடிட்டு, நஞ்ச உள்ளயே வெச்சு அடுத்ததுக்கு போங்க.

நான் பிஜி முடிச்ச புதுசுல ஒரு ரெண்டாவது சிசேரியன்ல நின்னேன். ரிப்போர்ட்ல அக்ரீட்டான்னு இல்ல. நஞ்சு வரலன்னதும் "கொஞ்சம் கைய விட்டு பாரு"ன்னு குரல் வந்துச்சு, நானும் விட்டேன். ஒரு துண்டு கையோட வந்துச்சு, அதுக்கப்புறம் சக்ஷன்ல வந்த சத்தம் இன்னிக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு. 14 பை ரத்தம், கர்ப்பப்பைய எடுத்தோம், ஒம்பது நாள் ஐ.சி.யூ., அந்த அம்மா பொழைச்சு குழந்தையத் தூக்கிட்டு வீட்டுக்கு போனாங்க. அந்த துண்ட நான் எடுக்காம இருந்திருந்தா அந்த ஒம்பது நாள்ல பாதி கூட இருந்திருக்காது. அதனால தான் இந்த செக்ஷன இவ்ளோ அழுத்தி எழுதறேன்.

8. கர்ப்பப்பைய எடுக்கறது: பக்கத்துலருந்து, மூத்திரப்பை கடைசில

வழக்கமா ஹிஸ்டரெக்டமில (கர்ப்பப்பைய எடுக்கற ஆபரேஷன்) மூத்திரப்பைய முதல்லயே கீழ தள்ளிடுவோம். இங்க அது தான் ரத்தக்காடு, அதனால கடைசில. ரவுண்ட் லிகமென்ட்ட கட்டி, பிராட் லிகமென்ட்ட திறந்து, யூரெட்டர (சிறுநீரகத்துலருந்து மூத்திரப்பைக்கு வர்ற குழாய்) கண்ணால பாத்து, சினைப்பைய விட்டுட்டு மேல கட்டி, பின்பக்கம் பக்கவாட்டுன்னு ரத்த ஓட்டத்த முதல்ல குறைச்சுட்டு அப்புறம் தான் முன்பக்கம் வரணும். யூரெட்டர் ஸ்டென்ட் முன்னாடியே போட்டிருந்தா கைல தட்டுப்படும், ரத்தத்துக்கு நடுவுல அது பெரிய தைரியம்.

மூத்திரப்பை எல்லை தெரியலன்னா 200லருந்து 300 மி.லி. சலைன் கதீட்டர் வழியா ஏத்துங்க, ஓரம் தெளிவா தெரியும். நஞ்சு மூத்திரப்பைக்குள்ளயே இறங்கியிருந்தா பிரிக்கப் போராடாதீங்க, மேல்பக்கத்துல நாமளே வேணும்னு தொறந்து, உள்ளருந்து பாத்து, ஒட்டுன துண்டோட எடுத்து தெச்சிரலாம். நேரா வெட்டுன மூத்திரப்பை நல்லா ஆறும், தாறுமாறா கிழிஞ்சது பிரச்சனை பண்ணும். நஞ்சு கீழ இருக்கற கேஸ்ங்கறதால பெரும்பாலும் செர்விக்ஸையும் (கர்ப்பப்பை வாய்) சேத்து எடுக்கணும், பாதில நிறுத்தினா அங்கருந்தே ஒழுகிட்டு இருக்கும்.

கொட்ட ஆரம்பிச்சா முதல் மருந்து கை. தொப்புளுக்கு கொஞ்சம் மேல அயோர்ட்டாவ முதுகெலும்போட சேத்து கை முஷ்டியால அமுக்கச் சொல்லுங்க, அந்த நேரத்துல அனஸ்தீசியா ரத்தம் ஏத்தி சமாளிச்சிரும், நமக்கும் எங்கருந்து வருதுன்னு தெரியும். கேரளாவுல டாக்டர் வி.பி. பைலி இதுக்குன்னே ஒரு அயோர்ட்டா கிளாம்ப் கொண்டுவந்தார், பழகினவங்க கைல அது நல்லா வேலை செய்யுது. இன்டெர்னல் இலியாக் (இடுப்புக்குள்ள ரத்தம் கொண்டு போற குழாய்) கட்டறது கை தேர்ந்தவங்க இருந்தா சரி, ஆனா பக்க வழி ரத்தக்குழாய் நிறைய இருக்கறதால அத மட்டும் நம்பி நிக்க முடியாது, முதல் தடவ அத பழகற இடமும் இது இல்ல.

9. டேபிளோட அந்தப் பக்கம்: கணக்கும் ரத்தமும்

கண்ணால பாத்து "ஒரு லிட்டர் இருக்கும்"னு சொன்னா நிஜம் பெரும்பாலும் அதவிட ரொம்ப அதிகம். மாப் எல்லாத்தையும் எடை போடுங்க, காஞ்ச எடைய கழிங்க, ஒரு கிராம் ஒரு மி.லி. குழந்தை வெளிய வந்தவுடனே சக்ஷன் பாட்டில்ல கோடு போட்டு வைங்க, அதுவரைக்கும் வந்தது பெரும்பாலும் பனிக்குட நீரு, அதுக்கு மேல ஏறறது ரத்தம். 15 நிமிஷத்துக்கு ஒருதடவ ஒரு சிஸ்டர் சத்தமா மொத்தக் கணக்க சொல்லணும்.

மாசமான பொண்ணுக்கு ஒரு லிட்டருக்கு மேல போனாலும் பிரஷர் நல்லாவே நிக்கும், திடீர்னு தான் விழும். அதனால பல்ஸ பிரஷரால வகுத்துப் பாருங்க, பல்ஸ் 110, மேல் பிரஷர் (சிஸ்டாலிக்) 110ன்னா 1, 0.9 தாண்டினாலே ரத்தத்த ஆரம்பிக்கலாம்.

- டிரனெக்சாமிக் ஆசிட் 1 கிராம், 10 நிமிஷத்துல மெதுவா. ரத்தப்போக்கு ஆரம்பிச்சு 3 மணி நேரத்துக்குள்ள போட்டா தான் பலன், தாமதிக்கற ஒவ்வொரு 15 நிமிஷத்துக்கும் பலன் கிட்டத்தட்ட 10 சதவீதம் குறையுது. அரை மணி நேரத்துக்கப்புறமும் நிக்கலன்னா இன்னொரு கிராம்.
- பேக்டு செல், எஃப்.எஃப்.பி., பிளேட்லெட் 1:1:1. சலைனயே மூணு நாலு லிட்டர் ஓட்டறது தான் நான் அடிக்கடி பாக்கற தப்பு, பிரஷர் ஏறும், ஆனா உறையற சத்து எல்லாம் கரைஞ்சு தண்ணி மாதிரி ரத்தம் வரும்.
- ஃபிப்ரினோஜன் (ரத்தம் உறைய வேண்டிய புரதம்) 200 மி.கி./டெ.லி.க்கு கீழ போக விடாதீங்க. மாசமா இருக்கும்போது அது 400க்கு மேல இருக்கறது தான் சாதாரணம், அதனால லேப் ஷீட்ல "நார்மல் 200"ன்னு போட்டிருந்தா ஏமாறாதீங்க, அது மாசமில்லாதவங்க கணக்கு. கிரையோவ முன்னாடியே கேளுங்க.
- ஏத்தற ரத்தத்துல இருக்கற சிட்ரேட் கால்சியத்த பிடிச்சுக்கும், 4 பைக்கு ஒருதடவயாவது கால்சியம் குளுகோனேட் 10 மி.லி. போட்டு ஏ.பி.ஜி.ல (தமனி ரத்த டெஸ்ட்) பாத்துக்குங்க. பொட்டாசியத்தையும் அதுலயே பாருங்க.

லேப் ரிப்போர்ட் வர ஒரு மணி நேரம் ஆகற இடமா? 2 மி.லி. ரத்தத்த சுத்தமான கண்ணாடி டியூப்ல எடுத்து கை சூட்டுல வெச்சுக்குங்க. 7 நிமிஷத்துல கெட்டியா உறையலன்னா, இல்ல உறைஞ்சது சாய்ச்சா உடையுதுன்னா, ரிப்போர்ட்டுக்கு காத்திருக்காம எஃப்.எஃப்.பி., கிரையோ ஆரம்பிங்க.

10. யாரும் சொல்லாம, வயித்தத் தொறந்தப்புறம் தான் தெரிஞ்சா

மாவட்ட ஆஸ்பத்திரி, ராத்திரி, ஒரு பை ரத்தம் தான் இருக்கு, வயித்தத் தொறந்தா ஊதா கலர்ல உப்பி நிக்குது. கர்ப்பப்பைல இன்னும் கத்தி வைக்கல, அம்மா குழந்தை ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, ரத்தப்போக்கு இல்ல. அப்ப நிறுத்துங்க. சூடான சலைன்ல நனைச்ச மாப்ப போட்டு மூடிட்டு சீனியரையும் ரத்தத்தையும் வரவைங்க. வர வழியில்லன்னா வயித்த தெச்சு மூடி, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு பேசிட்டு, டாக்டர் கூட போய் ஷிஃப்ட் பண்ணுங்க. தொறந்து மூடறது அவமானம்னு நினைச்சு தொடர்ந்து வெட்டினவங்கள பாத்திருக்கேன். அது அவமானம் இல்ல, சரியான சிகிச்சையே அது தான்.

குழந்தைய எடுத்தப்புறம் தெரிஞ்சுதுன்னா, நஞ்சு தானா வரலன்னா இழுக்கறத விட்டுட்டு கொடிய கட்டி மூடுங்க, ரத்தம் இல்லன்னா அப்படியே வெச்சு ஷிஃப்ட் பண்ண கூட நேரம் கிடைக்கும். ஏற்கனவே பிச்சாச்சு, கொட்டுதுன்னா அயோர்ட்டாவ அமுக்கி, உதவிய கூப்பிட்டு, கர்ப்பப்பைய எடுக்கற முடிவ சீக்கிரம் எடுங்க. பலூன், தையல்னு ஒண்ணொண்ணா முயற்சி பண்ணி நாலாவது லிட்டர்ல ஹிஸ்டரெக்டமி ஆரம்பிச்சா கை வேகமா இருந்தாலும் உறையற ரத்தம் இருக்காது.

11. கர்ப்பப்பைய காப்பாத்த முடியுமா

சின்ன இடத்துல மட்டும் ஒட்டியிருந்தா அந்தத் துண்ட தசையோட வெட்டி எடுத்து தெச்சிரலாம். முழு நஞ்சையும் உள்ள விட்டு மாசக்கணக்குல காத்திருக்கறதும் சில இடங்கள்ல பண்றாங்க, ஆனா கிருமி, திடீர் ரத்தப்போக்கு ரெண்டுமே எப்ப வேணா வரலாம், ஆஸ்பத்திரிக்கு பக்கத்துல இருக்கறவங்களுக்கு, எல்லாம் புரிஞ்சு கேக்கறவங்களுக்கு மட்டும் தான். மெத்தோட்ரெக்சேட் போட்டு கரைக்கறேன்னு போகாதீங்க, பலன் நிரூபணமாகல, தீங்கு நிஜம்.

12. ஆபரேஷன் முடிஞ்சப்புறம்

வார்டுக்கு இல்ல, ஐ.சி.யூ.க்கு. முதல் 6 மணி நேரம் ஒவ்வொரு மணிக்கும் பல்ஸ், பிரஷர், டிரெயின், மூத்திரம். மூத்திரம் மணிக்கு கிலோவுக்கு அரை மி.லி.க்கு கீழ போனா "ரத்தம் குறைவு தான்"னு மட்டும் நினைக்காதீங்க, யூரெட்டர் கட்டுப்பட்டிருக்கலாம். வயிறு மெதுவா உப்பி ஹீமோகுளோபின் இறங்கினா திரும்ப தொறக்க தயங்காதீங்க. ரத்தப்போக்கு நின்னு பிளேட்லெட் தேறினதும் ஹெப்பாரின் ஆரம்பிக்கணும், இவ்ளோ ரத்தம் ஏத்தி, படுத்தே இருக்கறவங்களுக்கு கால்ல ரத்தக்கட்டி வர வாய்ப்பு ரொம்ப அதிகம், இத மறந்து அஞ்சாம் நாள் தவிக்கறது நடக்குது. அம்மா நெகட்டிவ் குரூப், குழந்தை பாசிட்டிவ்னா 72 மணி நேரத்துக்குள்ள ஆன்டி-டி.

மூத்திரப்பைய தெச்சிருந்தா கதீட்டர் 7லருந்து 14 நாள். டியூட்டி மாறும்போது யாராவது மூணாம் நாள் எடுத்துருவாங்க, அதனால பைல பிளாஸ்டர் ஒட்டி தேதிய எழுதுங்க.

குழந்தை ஐ.சி.யூ.ல இருந்தாலும் பால பீச்சி எடுக்க முதல் நாளே சிஸ்டர் உதவணும். பால் சுத்தமா வரவே இல்ல, கூடவே சோர்வு, பிரஷர் இறக்கம்னா பிட்யூட்டரி அடிபட்டிருக்கான்னு பாருங்க, நிறைய ரத்தம் போனவங்களுக்கு அது நடக்கும், வருஷக்கணக்கா யாரும் கண்டுபிடிக்காம அலைவாங்க.

டிஸ்சார்ஜ் சீட்டுல தமிழ்லயே தெளிவா எழுதிக் குடுங்க: கர்ப்பப்பை எடுத்தாச்சா, செர்விக்ஸ் இருக்கா, சினைப்பை இருக்கா, எத்தன பை ரத்தம், மூத்திரப்பைல தையல் உண்டா. அத அவங்ககிட்டயே வாசிச்சுக் காட்டி, வாய்விட்டு கேள்வி கேக்க நேரம் குடுத்து, ஆறாவது வாரம் வரச்சொல்லி தேதி போட்டு அனுப்புங்க.